எண்ணூர் – பழவேற்காடு உவர்நிலம் சார்ந்த இசை வெளியீடுகளும் மதிப்புரை அளவுகோல்களும்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு ஏரி வரை நீளும் உவர்நீர் நிலப்பகுதியும் அதனை ஒட்டிய வடசென்னைக் கரையும் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று வேறுபட்ட இசைவகைகளில் பாடுபொருளாயின. கருநாடக இசைத் தனிப்பாடல் ஒன்று, கானாவும் ராப்பும் கலந்த குழுவிசைப் பாடல்கள், திரைப்பட இசைத்தொகுப்பு ஒன்று ஆகிய இவை வெளிவந்தபோது எழுந்த கருத்துகள் பெரும்பாலும் அவ்வவ் வகைக்குரிய அளவுகோலுக்குள்ளேயே நின்றுவிட்டன. மூன்றையும் ஒரு நிலத்தின் பாடல்களாகச் சேர்த்து நோக்கும்போது, பொதுநிலம் யாருக்குப் பொது என்னும் வினாவில் அவை ஒன்றோடொன்று முரண்படுவது தெரியவருகிறது. அம்முரணைப் பழவேற்காட்டின் பாடு முறையையும் தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாட்டையும் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசை மதிப்புரை, நெய்தல், புறம்போக்கு, கானா, அம்பா, பாடு முறை, பழவேற்காடு.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும், அதற்கும் வடக்கே தமிழ்நாடு – ஆந்திர எல்லையில் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயாலும் உவர்ச் சதுப்புகளாலும் இணைந்த ஒரே நீர்நிலப் பரப்பாகும். ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்திற்குள் அமைந்துள்ளது. அதன் தென்முனையில், முகத்துவாரத்தைச் சார்ந்து கோட்டைக்குப்பம், நடுகுப்பம், ஆண்டிகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கெல்திரியா கோட்டையாலும் அவர்தம் கல்லறைகளாலும் இவ்விடம் வரலாற்றாய்வாளர்க்கு அறிமுகமானது. பூநாரைகளால் பறவையியலாளர்க்கும், மரபுவழி மீன்பிடி உரிமை முறையால் சமூக அறிவியலாளர்க்கும் அறிமுகமானது. இசைபற்றிய எழுத்தில் இந்நிலத்திற்கு அத்தகைய இடம் அமையவில்லை.

இந்நிலையில் 2017 சனவரியில், பொங்கலையொட்டி, டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடை நிகழ்ச்சி நடைபெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கிய ‘வடசென்னை’ திரைப்படம், சந்தோஷ் நாராயணன் இசையில் வெளியானது. மூன்றும் வெவ்வேறு கேட்போரை நோக்கியவை. மூன்றைப் பற்றியும் எழுதியோர் வெவ்வேறானவர். ஆயினும் மூன்றிலும் தொழிற்சாலை, துறைமுகம், குடியகற்றல் ஆகியவற்றால் நெருக்கப்படும் ஒரே கரை இருக்கிறது.

மதிப்புரையின் பிறப்பிடம்

தமிழில் இசை மதிப்புரை சபாக் கச்சேரியிலிருந்து பிறந்தது. கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதியவை அதற்கொரு நடையை வகுத்தன. பின்னர் சுப்புடு அந்நடைக்குக் கூர்மை சேர்த்தார். சுருதி சேர்ந்ததா, இராகத்தின் உருவம் கெடாமல் நின்றதா, சாகித்தியச் சொற்கள் சிதையாமல் ஒலித்தனவா என்பனவே அங்குக் கேட்கப்பட்ட வினாக்கள். ஒலிநாடாக் காலத்தில் திரையிசை மதிப்புரை பெருகியபோது வினாக்கள் மாறின. மெட்டுப் புதிதா, கருவிச் சேர்க்கை எவ்வாறுள்ளது, முந்தைய தொகுப்பினும் இது மேலா என்று எழுதப்பட்டது. நாட்டார் பாடல்களோ மதிப்புரைக்குள் வராமல் தொகுப்பாசிரியரின் முன்னுரைக்குள் சென்றன. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற நூல்களில் அவற்றிற்குச் சமூகப் பொருள் காணப்பட்டது. அச்சில் சொல் மட்டுமே ஏறும் என்பதால் பாடியவரின் குரலைப்பற்றிய மதிப்பீட்டிற்கு அங்கு இடமில்லை.

இப்பிரிவினை இயல்பானதன்று, தமிழ்க் கவிதையியல் அறியாததும்கூட. தொல்காப்பியம் நிலந்தோறும் அமையும் கருப்பொருள்களைக் கூறுமிடத்து உணவு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிற்கால அகப்பொருள் இலக்கணங்கள் நெய்தலுக்கு விளரியாழையும் செவ்வழிப் பண்ணையும் உரியனவாக்கி, மீன்கோட்பறையையும் நாவாய்ப் பறையையும் அந்நிலத்துப் பறைகளாகக் குறிக்கின்றன. இங்கு இசை என்பது மீனும் உப்பும் போல நிலத்தில் விளையும் ஒன்று. அது யாருடைய தொழிலோடு சேர்ந்தது என்பது அதன் இலக்கணத்திலேயே அடங்கியது. இதனை முழுமையான திறனாய்வுக் கோட்பாடு எனக் கொள்வது மிகையாகும். ஆனால் வகை எது என்பதற்கு முன் நிலம் எது, தொழில் எது என்று கேட்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

கடற்கரைப் பாட்டைக் கேட்டுத் தவறாகப் பொருள்கொண்ட நிகழ்ச்சியும் தமிழில் பழமையானதே. சிலப்பதிகாரக் கானல்வரியில் கோவலன் பாடியதை மாதவி வேறு பெண்ணைக் குறித்ததாகக் கொண்டாள். அவள் பாடியதை அவன் வேறு ஆடவனைக் குறித்ததாகக் கொண்டான். இருவரும் இசையில் வல்லவர். பிழை இசையறிவில் நேர்ந்ததன்று.

பொறம்போக்குப் பாடல்: இருவேறு கேட்போர்

‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ தொகுப்பன்று, தனிப்பாடல். இணையவழி வெளியீடு பெருகியபின் தனிப்பாடலும் தொகுப்பிற்குரிய கவனத்தைப் பெறுவதால் அதனை இங்கு வெளியீடாகவே கொள்ளலாம். கபேர் வாசுகி எழுதிய இப்பாடலை ஆர். கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக அமைத்தார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி ஆகிய ஆறு இராகங்களில் அது செல்கிறது. ரதீந்திரன் பிரசாத் இயக்கிய காணொளி எண்ணூர்ப் பகுதியில் படமாக்கப்பட்டது. சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் இம்முயற்சியில் முதன்மைப் பங்காற்றினார்.

இப்பாடல் குறித்த கருத்துகள் இரண்டு திசைகளில் பிரிந்தன. கருநாடக இசை வட்டத்தில், சென்னைப் பேச்சுத்தமிழும் வசைச்சொல்லும் இவ்விசைக்குப் பொருந்துமா என்பதே பேச்சாயிற்று. சூழலியல் வட்டத்தில் பாடலின் செய்தி கொண்டாடப்பட்டது. இசை அச்செய்தியைச் சுமந்துவந்த ஊர்தியாகவே கருதப்பட்டது. ஒரு சாரார் நிலத்தை விட்டுவிட்டு இசையைக் கேட்டனர். மறுசாரார் இசையை விட்டுவிட்டு நிலத்தைக் கேட்டனர். இந்நிலத்தை இவ்விசை எவ்வாறு ஒலிக்கச்செய்கிறது என்ற நடு வினா பெரிதும் எழவில்லை.

அவ்வினாவிற்கு ஒரு சொல்லிலிருந்தே விடை தேடலாம். ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த்துறைச் சொல். வரிவிதிப்பிற்கு உட்படாமல் ஒதுக்கப்பட்ட நிலத்தை அது குறிக்கும். மேய்ச்சல் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என அதற்குப் பல பிரிவுகள் உண்டு. விலையில்லாத நிலம் பயனில்லாத நிலமாகி, பயனில்லாத நிலத்தின் பெயர் பயனற்ற மனிதனைக் குறிக்கும் வசையாயிற்று. பேச்சுவழக்கில் ‘பொறம்போக்கு’ எனத் திரியும் அச்சொல் வல்லின இரட்டிப்பும் குற்றியலுகரமுமாக முடிகிறது. வசையாகச் சொல்லும்போது அது வெட்டி நிறுத்தப்படும். அந்த வெட்டில்தான் வசையின் வேகம் உள்ளது. உயிரொலியை நீட்டிச் செல்லும் கருநாடக இசை அச்சொல்லை அவ்வாறு வெட்ட இடந்தருவதில்லை. வசை, இராக நீட்சிக்குள் வைக்கப்படும்போது தன் வேகத்தை இழந்து மீண்டும் நிலத்தின் பெயராகிறது. பாடலின் வாதமும் இதுவே: சொல்லை அதன் பழம்பொருளுக்கு மீட்பது. தாலாட்டிலும் பத்திப் பாடலிலும் பழகிய ஆனந்தபைரவியைத் தொடக்கத்தில் வைத்திருப்பதும் அதற்குத் துணைசெய்கிறது. ஆகவே வசைச்சொல் இவ்விசைக்குப் பொருந்துமா என்ற வினாவினும், இவ்விசைக்குள் அச்சொல் வசையாக நீடிக்குமா என்ற வினாவே பொருத்தமானது. சபா மதிப்புரையின் பழைய அளவுகோலான சொல்லுச்சரிப்பே இதனைக் கேட்கப் போதுமானதாக இருந்தது என்பது வியப்பு.

காலமும் இங்கு நோக்கத்தக்கது. புதிய வெளியீட்டைப் பற்றிய கருத்துகள் முதல் சில நாட்களிலேயே எழுதி முடிக்கப்படுகின்றன. பாடல் வெளிவந்த அதே மாதம் 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மக்கள் வாளிகளில் அள்ள நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலேயே எண்ணெய் படர்ந்தது. இந்நிகழ்ச்சிகளுக்குப் பின் கேட்கப்படும் பாடலும் பொங்கலன்று கேட்கப்பட்ட பாடலும் ஒன்றல்ல. நூலுக்கு மறுபதிப்பு வரும்போது மறுமதிப்புரை எழுதும் வழக்கம் உண்டு. பாடலுக்கு அவ்வழக்கம் இல்லை.

குழுவிசையும் கரையோரச் சாதியும்

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 19 பேர் கொண்ட குழுவாகத் தொடங்கியது. அயோத்திதாசர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. பறையும் சட்டியும் கித்தாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் ஒலித்தன. வடசென்னையின் சாவுவீடுகளில் வளர்ந்த கானா, மேற்கத்திய ராப்போடும் ராக்கோடும் சேர்ந்தது. ஆண்கள் கோலோச்சிய கானாவில் இசைவாணி என்னும் பெண் குரல் முன்வரிசைக்கு வந்ததும் இக்குழுவால் பரவலாக அறியப்பட்டது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இக்குழுவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதன் அரசியலை வரவேற்றன. அவ்வரவேற்பு நியாயமானது, ஆனால் அதிலேயே ஒரு குறையும் உண்டு. அரசியலுக்காகப் பாராட்டப்படும் இசை, இசையாக மதிப்பிடப்படும் தகுதியை இழக்கிறது. கானாப் பாடகர் சொல்லைத் தாளத்திற்குச் சற்று முந்தியோ பிந்தியோ விடுவதில் காட்டும் நுட்பம், அதே சொல் டிரம்ஸின் ஒழுங்கான அடிக்குள் வரும்போது என்னாகிறது என்பது போன்ற வினாக்கள் அரிதாகவே எழுதப்பட்டன. கருநாடக இசைக்கு அளவுகோல் மிகுதியாலும் கானாவிற்கு அளவுகோல் இன்மையாலும் ஒரே விளைவு ஏற்பட்டது.

இதனினும் முக்கியமானது, இக்குழுவின் பாடல்களைப் பொறம்போக்குப் பாடலோடு எதிரெதிரே வைத்துக் கேட்பது. முன்னது பொதுநிலத்தை எல்லார்க்கும் உரிய ஒன்றாகக் காட்டி அதன் இழப்பைப் பாடுகிறது. பின்னது, பொது என்ற சொல்லுக்குள் யாருக்கு இடமில்லாமற் போயிற்று என்று கேட்கும் மரபிலிருந்து வருகிறது. ஊருக்குப் பொதுவான குளமும் சுடுகாடும் கோயிலும் சாதியால் பிரிக்கப்பட்ட நாட்டில் ‘பொதுநிலம்’ என்பது இனிய சொல் மட்டுமன்று. இவ்விரு வெளியீடுகளையும் ஒரே மதிப்புரையில் வைத்திருந்தால் இவ்வினா தானே எழுந்திருக்கும். வகைப் பிரிவினை அதனைத் தடுத்தது.

திரையிசைத் தொகுப்பு

திரையிசையில் மீனவர் பாடல் புதியதன்று. 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’யில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையும் வாலியின் சொல்லும் கடலை வாழ்வின் உருவகமாக்கின. அங்கே கடல் எந்தக் கரைக்கும் உரியதாகலாம். ‘வடசென்னை’யில் கரைக்குப் பெயரும் வழக்குமொழியும் வந்துவிட்டன. துறைமுகமும் சாலையும் விரிய, குடியிருப்பு அகற்றப்படுவது கதையின் அச்சாக அமைகிறது. சந்தோஷ் நாராயணனுக்கு இது 25ஆவது படம் என்பதால் தொகுப்பு வெளிவந்தபோது பேச்சு இசையமைப்பாளரைச் சுற்றியே அமைந்தது. ‘என்னடி மாயாவி நீ’, ‘கார்குழல் கடவையே’ ஆகிய காதல் பாடல்கள் மிகுந்த பாராட்டைப் பெற்றன. டோலக் ஜெகன் முதலிய கானாக் கலைஞர்களின் பங்களிப்பு தொகுப்பின் ‘மண்வாசனை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டது. நில அகற்றலைப் பேசும் படத்தின் இசைத்தொகுப்பில் நிலம் வாசனையாக மட்டும் எஞ்சியது மதிப்புரையின் குறையா, தொகுப்பின் குறையா என்று பிரித்தறிதல் எளிதன்று. காதல் பாடலே தனித்து விற்கும் என்னும் சந்தை நெறிக்கு இரண்டுமே உட்பட்டவை.

வெளிவராத இசை

இம்மூன்று வெளியீடுகளிலும் பழவேற்காட்டு ஊர்களின் சொந்தப் பாட்டு இல்லை. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் பாட்டைத் தமிழகக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் ‘அம்பா’ என்பர். வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரு குழுவினர் பற்றி இழுக்க, ஒருவர் சொல்லெடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். இழுப்பின் விசை விழும் இடமும் பாட்டின் அழுத்தம் விழும் இடமும் ஒன்றே. மடி கரையை நெருங்கிச் சுமை ஏறும்போது அடிகள் குறுகும். தெய்வப் பெயரும் ஊர்ப் பெயரும் கேலியும் அவ்வப்போதே இட்டுக்கட்டப்படும். இதில் கேட்போர் என்று தனியே எவருமில்லை, பாடுவோரே கேட்போர். மதிப்பீடும் உண்டு: சொல்லெடுப்பவர் தவறினால் கயிறு தவறும். கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து எந்திரமும் பரவியபின் கூட்டாக இழுக்கும் தொழில் சுருங்கியது. தொழில் சுருங்கிய இடத்தில் பாட்டு நினைவாகிறது. அந்நினைவைக் கலையரங்கில் மேடையேற்றும்போது வலைக்கயிறு இருப்பதில்லை. அழுத்தம் எங்கே விழவேண்டும் என்பதைச் சொல்லச் சுமையும் இல்லை.

இத்தகைய பாட்டு வெளியீடாக மாறும்போது உரிமை வினாவும் உடன் வருகிறது. 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை அறிவு பாடுபொருளாக்கினார். அப்பாடலின் புகழில் அவர் பெயர் உரிய இடம்பெறவில்லை என்று அவ்வாண்டே பொதுவெளியில் எழுந்த விவாதம் நன்கறியப்பட்டது. தனியொருவர் எழுதிய பாடலுக்கே இந்நிலை என்றால், எழுதியவர் இல்லாத அம்பாவை நாளை ஓர் இசைத்தொகுப்பு எடுத்தாளும்போது பெயர் எந்தக் குப்பத்திற்குச் சேரும் என்பது மதிப்புரையாளர் கேட்கவேண்டிய வினா.

பாடு: முறையும் எல்லையும்

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றால் மீன்பிடி இடமும் அதற்குரிய முறையும் ஆகும். ஏரியில் சுத்துவலை, படிவலை முதலியவற்றைக் கொண்டு மீன்பிடிக்கும் பாடுகளில் எந்த நாளில் எவர் வலையிடுவது என்பது சீட்டுக் குலுக்கி முறைவைத்துத் தீர்மானிக்கப்படும். நல்ல பாடு ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றிவரும். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பிற்காக செபாஸ்டியன் மேத்யூ 1991இல் எழுதிய ஆய்வு இம்முறையை உலகறியச் செய்தது. பாடுதல் என்னும் வினைக்கும் இப்பெயருக்கும் வேர் ஒன்றென்று கொள்ள ஆதாரமில்லை. ஒலியொப்புமையை ஆய்வாக்கிவிடும் ஆசை இங்குத் தவிர்க்கப்படவேண்டும்.

பாடு முறை பொதுவளத்தைச் சீராகப் பகிர்ந்த முறை என்று புகழப்படுகிறது. அது உண்மை. கோட்டைக்குப்பம், நடுகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்து மணமான ஆண்களுக்குள் அது சீரானது. ஏரியையே நம்பிய பட்டியல் சாதி மீனவர்க்கும் இருளர்க்கும் அம்முறையில் அவ்வாறு இடம் அமையவில்லை; இதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. ஆக, பொறம்போக்குப் பாடல் காக்க விரும்பும் பொதுநிலத்திற்குள்ளேயே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கேட்கும் வினா நிற்கிறது. இதனால் முதற்பாடலின் வாதம் பொய்யாகிவிடாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் முன்மொழிவை எதிர்த்துப் பழவேற்காட்டுப் பகுதி மீனவ ஊர்கள் ஒன்றுசேர்ந்தபோது, பாடு உள்ளவரும் இல்லாதவரும் இழக்கப்போவது ஒரே முகத்துவாரத்தைத்தான். வெளியிலிருந்து வரும் அபகரிப்பும் உள்ளிருக்கும் விலக்கலும் ஒரே நிலத்தில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்றைப் பாடும் இசையும் மற்றொன்றைப் பாடும் இசையும் தனித்தனியே வெளிவந்ததில் குறையில்லை. அவை தனித்தனியே மதிப்பிடப்பட்டதனால், ஒன்றின் போதாமையை மற்றொன்று சுட்டுவது கேட்கப்படாமற் போயிற்று.

வகைக்கு மாறாக நிலத்தை அளவுகோலாகக் கொள்வதிலும் இடர் உண்டு. பட்டினவர் ஊரில் கேட்ட அம்பாவை நெய்தலின் இசை என்று பெயரிட்டுவிட்டால், பாடு முறை செய்த அதே விலக்கலைத் திறனாய்வும் செய்ததாகும். திணைக்கு உரியோர் யார் என்பதை ஆண்களின் வலைத்தொழிலை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. கொசத்தலையாற்றுக் கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் அமிழ்ந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கின்றனர். இரு கைகளும் சேற்றில் துழாவ, பனையோலையால் முடைந்த கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பர். பிடிபட்ட இறால் அக்கூடைக்குள் சேரும். பல மணிநேரம் நீளும் அவ்வேலையில் வாய் கூடைக்கு உரியது. களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் அங்கே தொழிற்பாடலைத் தேடினால் கிடைக்காது.